கட்டு அவிழ்த்தவர்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மிஸ்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதுவும் நல்லது செய்யப் போய்.

குருநகர்ப் பக்கம், கடற்கரைக்குக் கிட்ட, ஒரு பழைய மாடி வீட்டில் எங்கள் கடற்தொழில் நூதனசாலை இருக்கிறது. கீழே ஒரு வள்ளம், சில வலைகள், நங்கூரம், சங்கு குளிக்கப் போனவர்கள் காலில் கட்டி இறங்கிய கல். மேலே நூலகம். நூலகம் என்று பெயர்தானே தவிர புத்தகம் இரண்டு அலுமாரி தேறாது. மிச்சமெல்லாம் கடற்தொழில் குடும்பங்கள் கொண்டுவந்து தந்த பழைய கடதாசிகள். அவற்றுக்குப் பட்டியல் போடுகிறவர் மிஸ். மிஸ் எழுதுகிற அட்டைகளைக் கணினியில் அடிப்பதற்கு என்னை எடுத்தார்கள்.

முதல் நாள் காலை மிஸ் வர முந்தியே போய்விட்டேன். மேசையைப் பார்த்தால் தலை சுற்றியது. கடதாசிக்கு மேல் கடதாசி, அதற்கு மேல் ஒரு தகரப் பேணி, பேணிக்குள் கடிதம். எனக்குச் சும்மா இருக்க வராது. எப்போதும் காலில் சுடுதண்ணீர் ஊற்றின மாதிரித்தான். கடிதங்களைக் கடிதங்களோடும் ரசீதுகளை ரசீதுகளோடும் சேர்த்து வடிவாக அடுக்கிவிட்டு, பாராட்டு வரும் என்று கதிரையில் இருந்தேன்.

மிஸ் வந்தார். குடையை மடிக்காமல் வாசலிலேயே நின்றார்.

"ஆர் பிள்ளை உந்தக் கடதாசியளைத் தொட்டது?"

"நான்தான் மிஸ். அடுக்கி வச்சிருக்கிறன்."

"மேலை என்ன கிடந்தது?"

"பேணி."

"பேணிக்குக் கீழை?"

எனக்குத் தெரியவில்லை. மிஸ் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பிறகு தேத்தண்ணி குடித்துச் சமாதானமாகியிருக்கலாம். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "ஆறுதலா யோசி. எதை முதல் எடுத்தனி?" என்று கேட்டார். மத்தியானம் வரை நினைவில் இருந்ததைச் சொல்லிச் சொல்லி நான் திருப்பி அடுக்கினேன். பாதிதான் நினைவு வந்தது. மீதியை மிஸ் ஒரு பக்கமாக வைத்து, மேலே ஒரு துண்டில் பென்சிலால் எழுதினார்: 'இவை எந்த ஒழுங்கில் இருந்தன என்று தெரியாது.' இந்தக் குப்பைக்கு இவ்வளவு பாடா என்று எனக்குக் கோபம் வந்தது.

மிஸ்ஸின் வேலை முறையைப் பார்த்தால் பொறுமைசாலிக்கும் பைத்தியம் பிடிக்கும். ஒரு பெட்டி வந்தால் மூடியைத் திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அரைமணித்தியாலம் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு பென்சிலை எடுத்து, மேலே கிடப்பது என்ன என்று எழுதுவார். அதைத் தூக்குவார். அடுத்ததை எழுதுவார். ஒரு கட்டு இருந்தால் என்ன நூல், எத்தனை சுற்று, எப்படிப்பட்ட முடிச்சு, எல்லாம் எழுதின பிறகுதான் அவிழ்ப்பார். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றினால் அது எந்தெந்தத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தது என்றும் ஒரு வரி. பேனை அந்த மேசைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. "கட்டை அவிழ்க்க முதல் எழுது. அவிழ்த்தாப் பிறகு அது கட்டில்லை, வெறுங் கடதாசி" என்பது அவர் அடிக்கடி சொல்வது. இலக்கம் போடுவது கடைசி வேலை.

ஒருமுறை வள்ள எஞ்சின் திருத்துகிற ஒருவரின் மனைவி, கணவர் செத்த பிறகு, ஒரு பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து தந்தார். மிஸ் பட்டியல் போட்டார். ஞானஸ்நானப் பத்திரம், கிளினிக் கொப்பி, எஞ்சின் சாமான் பட்டியல், மயிலிட்டியிலிருந்து யாரோ எழுதின கடிதம், ஒரு கணவாய் ஓடு, கரண்ட் பில். தேவாலயத்துப் பங்குச் சுவாமிதான் எங்கள் நூதனசாலைக்குப் பொறுப்பு. பகிடிக்காரர். பட்டியலைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"மிஸ், கணவாய் ஓட்டுக்கும் இலக்கமோ?"

"ஓம் சுவாமி. அது கடிதத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவிலை கிடந்தது."

"அதாலை?"

"அதாலை ஒண்டுமில்லை. நடுவிலை கிடந்தது. அவ்வளவுதான்."

சுவாமி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். மிஸ்ஸின் வீடு கோப்பாயில். கலியாணம் செய்யவில்லை, தாயோடு இருந்தவர். தாய் செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு நானும் போனேன். சாப்பாட்டுக்கு முதல் தங்கச்சிமார் இருவரும் தாயின் சீலை அலுமாரியைத் திறந்து பங்கு பிரிக்க வந்தார்கள். மிஸ் பென்சிலும் கொப்பியுமாக அலுமாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"அக்கா, இது உங்கடை லைப்ரரி இல்லை. அம்மான்ரை அலுமாரி" என்றார் சின்னத் தங்கச்சி.

"அதுதான் சொல்லுறன். அம்மா அடுக்கினது. ஒருக்கா எழுதிப்போட்டுத் தாறன், எடுங்கோ."

எழுதினார். ஒவ்வொரு சீலையாக, தட்டுத் தட்டாக. சோறு ஆறிப்போனது. வந்த சனம் முற்றத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பெரிய தங்கச்சி அழத் தொடங்கிவிட்டார். தாயை நினைத்தா, தமக்கையை நினைத்தா என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு அன்று சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. இந்த மனுசிக்கு ஏதோ ஒரு இடத்தில் கழன்றுவிட்டது என்று இணுவிலில் இருக்கிற என் வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது பஸ்ஸில் இருந்து நினைத்தேன்.

காரணம் எனக்குத் தெரிய வந்தது தற்செயலாகத்தான். அட்டைகளை அடித்துக்கொண்டு போகையில் ஒரு தொகுதி வந்தது. மற்றதெல்லாம் பென்சில், இது மட்டும் கறுப்பு மையில், முத்து முத்தான எழுத்தில் இருந்தது. மனுக்கள் தனியாக, படங்கள் தனியாக, ரசீதுகள் தனியாக. தேட எவ்வளவு சுகம்!

"மிஸ், நீங்கள் செய்ததுகளுக்குள்ளை இதுதான் திறம்" என்றேன்.

மிஸ் அப்போதுதான் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்திருந்தார். அதைத் திருப்பி மூடி வைத்தார்.

"அதுதான் பிள்ளை நான் செய்த பாவம்" என்றார்.

வடக்குக் கரையில் முந்தி ஒரு பெட்டிசம் எழுதுகிறவர் இருந்தாராம். கரைவலை இழுக்கிற குடும்பங்களுக்கு ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு துண்டு உண்டு. அதைப் 'பாடு' என்பார்கள். அந்தப் பாட்டில் அவர்கள்தான் வலை வளைக்கலாம். பாட்டைப் பதிய, எல்லைச் சண்டை தீர்க்க, எல்லாவற்றுக்கும் இவர்தான் மனு எழுதிக் கொடுப்பார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கட்டு. கட்டுக்குள் மனுவின் பிரதி, ரசீதுகள், தன் கையாலே கீறின கரைப் படம். மனுவில் பெயர் இருக்கும். படத்தில் பெயர் இருக்காது. கட்டுக்குள் இருக்கிற படத்துக்குப் பெயர் எதற்கு? யுத்தம் வந்து சனமெல்லாம் அந்தக் கரையை விட்டு ஓடினபோது அவர் சாமான் சட்டி எல்லாவற்றையும் போட்டுவிட்டு இந்தக் கட்டுகளைத்தான் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் செத்த பிறகு அவை எங்கள் நூதனசாலைக்கு வந்தன.

மிஸ் அப்போது புதிது. பள்ளிக்கூட நூலகத்தில் பயின்று வந்தவர். புத்தகத்தை எப்படிப் பிரிப்பார்கள்? வரலாறு வரலாற்றோடு, கணக்கு கணக்கோடு. அப்படித்தான் கடதாசியையும் பிரித்தார். நாற்பத்துமூன்று கட்டு. எல்லாவற்றையும் அவிழ்த்து, மனுவை மனுவோடு, படத்தைப் படத்தோடு, அளவு பார்த்து அடுக்கினார். நூலையும் சுற்றியிருந்த தாளையும் குப்பையில் போட்டார். அப்போதிருந்த சுவாமி வந்து பார்த்துக் கையைப் பிடித்துப் பாராட்டினாராம்.

சில வருசம் கழித்துக் கொழும்பிலிருந்து இந்த வேலை தெரிந்த ஒரு அம்மா வந்தார். அட்டைகளை எல்லாம் பார்த்தார். நல்லாயிருக்கு என்றார். பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "இதெல்லாம் இஞ்ச வரேக்குள்ள எப்படி இருந்தது?"

"அந்தக் கேள்வியோடை எனக்கு விளங்கிப்போச்சு" என்றார் மிஸ். "எந்தப் படம் எந்தக் குடும்பத்தின்ரை எண்டு உலகத்திலை ஒருத்தருக்கும் தெரியாமல் பண்ணினது நான்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதைத்தான் நான் அவ்வளவு நாளும் பக்கத்தில் இருந்து பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

இதை அவர் சொல்லிச் சில மாதத்திற்குள் வடக்குக் கரையில் இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிகள் விடுபடத் தொடங்கின. சனம் கால் நூற்றாண்டுக்குப் பிறகு தங்கள் கரையைப் பார்க்கப் போனது. போனால் கிணறு இல்லை, வலை வைக்கிற வாடி இல்லை, அடையாளம் சொல்லச் சிலுவை நிற்கிற குருசடியும் இல்லை. கடற்தொழிலாளர் சங்கமும் கடற்தொழில் அலுவலகமும் சேர்ந்து பாடுகளைத் திருப்பிக் கொடுக்க ஒரு விசாரணை வைக்கப் போவதாகச் சொன்னார்கள். தங்கள் பாடு எது என்று படத்தோடு காட்டுகிறவர்களுக்குப் பாடு கிடைக்கும். காட்ட முடியாதவர்கள் காத்திருக்கவேண்டும். பெட்டிசக்காரரின் கடதாசி எங்களிடம் இருக்கிறது என்று கதை பரவ, ஆட்கள் படியேறி வரத் தொடங்கினார்கள்.

அப்படி வந்தவர்தான் யோசப்பின் அக்கா. யோசப்பின் என்பது அவருடைய பெயர். நாற்பது வயதுகூட இருக்காது. கருவாடு போட்டு விற்கிறவர். இரண்டு மகன்மாரும் வேறு ஆட்களின் வலையில் கூலிக்கு இழுக்கிறார்கள். பாடு கிடைத்தால் பொடியள் சொந்த வலை போடுவார்கள். இல்லாவிட்டால் கடைசி வரைக்கும் மற்றவனின் கயிறுதான். தகப்பன் அந்தோனிப்பிள்ளையின் மனுவை ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். அதில், 'இத்துடன் இணைத்துள்ள படத்தில் காட்டியவாறு' என்று எழுதியிருந்தது.

"அப்ப அந்தப் படத்தையும் தாங்கோ" என்றார் யோசப்பின் அக்கா, கையை நீட்டிக்கொண்டு.

மிஸ் நாற்பத்துமூன்று படத்தையும் மேசையில் பரப்பினார். யோசப்பின் அக்கா ஊரை விடும்போது சின்னப் பிள்ளை. எல்லாம் ஒரே கை கீறின படம். ஒரு பனை, ஒரு கிணறு, குருசடியிலிருந்து இத்தனை பாகம் தூரம் என்று ஒரு குறிப்பு.

"எங்கடையிலும் பனை நிண்டது" என்றார் அவர். எல்லாவற்றிலும்தான் நின்றது.

நான் மிஸ்ஸைப் பார்க்கவில்லை. பார்க்க ஏலவில்லை.

அன்று பின்னேரம் மிஸ் ஒரு மனுவையும் ஒரு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கடதாசியில் இராமபாணப் பூச்சி துளைத்தால் நேராகத் துளைத்துக்கொண்டு போகும். கட்டில் இருக்கிற எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் ஓட்டை விழும். ஓட்டைக்கு ஓட்டை பொருந்தினால் அவை ஒரே கட்டு. அவர் அழித்ததைப் பூச்சி எழுதி வைத்திருந்தது.

எட்டு மாதம் நாங்கள் அதைத்தான் செய்தோம். மெல்லிய தாளில் ஓட்டைகளை நான் படியெடுப்பேன், மிஸ் பொருத்திப் பார்ப்பார். முதல் சோடி பொருந்தி, இரண்டு தாளையும் ஊடறுத்து ஏழு பொட்டு வெளிச்சம் மேசையில் விழுந்தபோது மிஸ் என் கையை நோகிற மாதிரிப் பிடித்தார். பிறகு ஒன்றொன்றாகப் பொருந்தின. படம் கிடைத்தவர்கள் வாழைப்பழமும் பாரை மீனும் கொண்டுவந்து தந்தார்கள். மிஸ் மீனை எனக்குத் தந்துவிடுவார். எங்கள் வீட்டில் மீன், மச்சம் சாப்பிடுகிறது குறைவு என்று சொன்னாலும் கேட்கமாட்டார்.

யோசப்பின் அக்கா சனிக்கிழமை தோறும் வருவார். ஒரு மூலையில் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்களுக்குக் கிடைக்கும்போது அவர்தான் முதல் சந்தோசப்படுவார். அது இன்னும் கஷ்டம்.

ஒரு சனிக்கிழமை அவர் சும்மா கதைக்கிற மாதிரிச் சொன்னார்: "அப்பா சரியான கவனம் மிஸ். மழை நனைச்சுப்போடும் எண்டு மெழுகுத்தாளிலை சுத்தித்தான் பெட்டிசக்காரரிட்டைக் குடுத்தவர்."

மிஸ்ஸின் கை அப்படியே நின்றது. மெழுகுத்தாள் சுற்றின கட்டுகள் ஆறு இருந்தது அவருக்கு நினைவு வந்தது. அந்தத் தாள்களைக் கசக்கிப் போட்டதும் நினைவு வந்தது. மெழுகுத்தாளுக்குள் பூச்சி போகவில்லை. முப்பத்தேழு படம் பொருந்தியிருந்தது. மிச்சம் ஆறு. ஆறிலும் ஒரு ஓட்டை இல்லை. கவனமாக வைத்த மனிதருக்குத்தான் சாட்சி இல்லாமல் போனது. இந்த அநியாயத்தை ஆரிடம் போய்ச் சொல்வது?

விசாரணைக்கு முதல் நாள் சுவாமி மேலே வந்தார். அன்று அவர் பகிடி விடவில்லை.

"மிஸ், மற்ற அஞ்சு குடும்பமும் இஞ்சை இல்லை. கனடாவோ, எங்கையோ. ஒருத்தரும் கேட்டு வரேல்லை. ஆறிலை ஒண்டை இதுதான் எண்டு எழுதிக் குடுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன். ஊரோடை ஒத்துப் போகலாம்தானே."

"பிழையானதைக் குடுத்தால் இன்னொருத்தற்றை கரையை எடுத்துக் குடுக்கிறதாய்ப் போகும் சுவாமி."

"அவை வரமாட்டினம் எண்டுறன்."

"இவவும் வரமாட்டா எண்டுதான் அண்டைக்கு நான் பிரிச்சனான்."

சுவாமி படியிறங்கிப் போனார். எனக்கு மிஸ்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டுக் காட்டியிருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன் என்று நினைக்கிறேன். அது சரியா என்று கேட்டால் தெரியாது.

விசாரணைக்கு மிஸ் தானாகவே போனார். நான்தான் பெட்டியைக் கொண்டுபோனேன். விசாரிக்க வந்த ஐயா நல்ல மனிதர். ஆறு படத்தையும் பார்த்துவிட்டு, "மிஸ், நீங்கள் கனகாலம் இதுக்குள்ளை இருக்கிறியள். உங்கடை மனதுக்கு எது எண்டு படுதோ அதைக் காட்டுங்கோ, போதும்" என்றார். மிஸ்ஸுக்கு அவர் வழி திறந்தே விட்டார். யோசப்பின் அக்காவும் மகன்மாரும் வாங்கில் இருந்துகொண்டு மிஸ்ஸின் கையையே பார்த்தார்கள். மிஸ் கையைத் தூக்கினார். மேசை வரைக்கும் கொண்டுபோனார்.

"எனக்குத் தெரியேல்லை ஐயா" என்றார். "கட்டைப் பிரிச்சது நான்தான். பிழை இவையிலை இல்லை. எழுதுறதெண்டால் அதை எழுதுங்கோ."

அந்த ஐயா எழுதினார். அதை எழுதினாலும் பாடு கொடுக்க அது காணாது. யோசப்பின் அக்காவின் பெயர் காத்திருப்பவர்களின் பட்டியலுக்குப் போனது. இளைய மகன் எழும்பி வெளியே போனபோது கதவு தன்பாட்டில் அடித்துச் சாத்திக்கொண்டது.

இரண்டு கிழமை யோசப்பின் அக்கா வரவில்லை. மூன்றாம் கிழமை வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்; திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் அந்த ஆறு படத்தின் அட்டைகளையும் பார்க்கவேண்டும் என்றார். மிஸ் எடுத்து வைத்தார். ஆறிலும் ஒரே வரி எழுதியிருந்தது: 'அந்தோனிப்பிள்ளையின் பாடாக இருக்கலாம். கட்டு, பட்டியலிட்டவரால் பிரிக்கப்பட்டது.'

யோசப்பின் அக்கா ஒவ்வொரு அட்டையாக விரல் வைத்து வாசித்தார்.

"அப்பான்ரை பேர் போட்டிருக்கிறியள்."

"ஓம்."

"இந்த 'இருக்கலாம்' எண்டதை எடுக்கேலாதோ மிஸ்? பென்சிலாலைதானே எழுதியிருக்கு."

"ஏலாது பிள்ளை" என்றார் மிஸ்.

யோசப்பின் அக்கா அட்டைகளைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப ஆறையும் கொப்பி எடுத்துத் தாங்கோ தங்கச்சி."

"ஆறையுமோ அக்கா?"

"ஓம். வீட்டிலை அப்பான்ரை படமெண்டு ஒண்டும் இல்லை. ஆறையும் சுவரிலை கொழுவி வைப்பம். அதுக்குள்ளை ஒண்டு அப்பான்ரைதானே."

நான் படங்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். திரும்பி வந்தபோது மிஸ் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். யோசப்பின் அக்கா எழும்பிப் போய் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.